பாதிப் பேச்சு

– அதாவது, நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்னா...

– அந்த ‘அதாவது’வைச் செருப்போட சேர்த்து வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்க. இது சட்டசபை இல்ல, என் தங்கச்சியோட தையல்கடை. இங்க வர்றவங்க அளவைச் சொல்வாங்க, துணியைக் குடுப்பாங்க, போயிட்டே இருப்பாங்க.

– சரி, சரி. உக்காரலாமா?

– அந்த யூனிஃபார்ம் கட்டை நகர்த்திட்டு ஸ்டூல்ல உக்காருங்க. பாத்து, ஊசி கிடக்கும். பத்து மாசமா பொண்டாட்டியை எட்டிப் பாக்காத மனுஷன், வந்த அன்னைக்கே குத்து வாங்க வேண்டாம்.

– நீ பட்டனா தைக்கிறே?

– பட்டனும் காஜாவும். மெஷின் எனக்கு ஒத்து வரல. பேச ஆரம்பிச்சா கால் நின்னு போகுது. கையால தைச்சா, வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்குக் கை.

– அமைச்சர் வீட்டம்மா காஜா தைக்கிறதான்னு...

– முன்னாள் அமைச்சர். முன்னாள் வீட்டம்மா. ஏன், நல்லாத்தானே இருக்கு? எந்தப் பட்டனும் என்னைப் பாத்து, ‘மேடம், பத்திரிகைக்காரங்க இருக்காங்க, கொஞ்சம் மெதுவா’ன்னு சொல்றதில்ல.

– யாரு அக்கா அங்க? ஓ, அத்தானா! கீழ கொடி வெச்ச காரைக் காணோமேன்னு, யாரோ ஜிப்பு மாத்த வந்தவங்கன்னு நினைச்சுட்டேன்.

– நல்லா இருக்கியாம்மா?

– உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல அத்தான். அக்காவை ஊசி போட்டு அனுப்பி வெச்சீங்க. நான் நூல் கோத்துக் குடுத்தேன். ரெண்டு பேரும் பொழைச்சுக்கிட்டோம்.

– ஏய், வாயை அடக்கு. வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா.

– காய்ச்சினதா, காய்ச்சாததா அத்தான்? குடிதண்ணித் துறையையே கட்டி ஆண்டவராச்சே, ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கறது நல்லதில்லையா?

– விடு, அவளைத் திட்டாதே. அவளுக்கு உரிமை இருக்கு.

– உரிமையா! அத்தான் வாயில இதெல்லாம் கூட வருது. அக்கா, நீ எப்ப அவர்கிட்ட அந்த விஷயத்தை...

– உள்ள போடி. அந்தப் பள்ளிக்கூடத்து சட்டையெல்லாம் இஸ்திரி போடாம கிடக்கு பாரு.

– போறேன். நான் எதுக்கு நடுவுல? ஆனா நீயே சொல்லிடு, ஆமா.

– எதைச் சொல்லச் சொல்றா?

– அவளுக்கு வேலை என்ன? நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க. இளைச்சுப் போயிருக்கீங்க. சட்டைக் காலரு கழுத்துல நிக்கல.

– தூக்கம் இல்ல. தலைவர் பேட்டி குடுத்தாரே, பாத்தியா?

– பாக்காம? எங்க மெஷினுக்கு மேலேயே டி.வி. மாட்டி வெச்சிருக்கா. ‘குழாய்த் தண்ணி கெட்டுப்போன விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. துறை அமைச்சர் தன்னிச்சையா முடிவெடுத்தார்.’ தன்னிச்சையா! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நீங்க? எந்தக் கல்யாணத்துக்குப் போறது, எந்தச் சாவுக்குப் போறதுன்னு கூட அவரைக் கேட்டுட்டுப் போற ஆளு.

– சிரிக்கற விஷயமா இது?

– சிரிச்சுட்டு அப்புறம் அழுதேன். வரிசையா வந்துச்சு ரெண்டும்.

– மொத்தப் பழியும் இப்ப என் தலையில. சோதனைச்சாலையிலேர்ந்து ரிசல்ட் வந்த அன்னைக்கே அமைச்சர்கிட்ட சொல்லிட்டோம்னு அதிகாரிங்க ஒருத்தர் விடாம எழுதிக் குடுத்துட்டாங்க. இன்ஜினியர் முதற்கொண்டு. அது உண்மைதான், எனக்குச் சொன்னாங்க. இல்லன்னு நான் சொல்ல முடியாது.

– அப்ப உங்களுக்குத் தெரியும்கறது... எப்படியும் நிரூபணம் ஆயிடுச்சா? நான் பத்திரிகைக்குப் போன்ல பேசினது இல்லாமலேயே?

– ஆமா. உன் போன் பேச்சு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். ஏன், என்ன? கையில குத்திக்கிட்டியா?

– ஒண்ணும் இல்ல. லேசாத்தான். நீங்க சொல்லுங்க.

– அந்தக் குடிதண்ணி டேங்கை உடனே மூடணும், ஊருக்கு அறிவிக்கணும்னு நான் அவர்கிட்ட கேட்டேன். கேட்டேன்கறது உனக்குத் தெரியும். அவர்தான் தேர்தல் முடியட்டும்னார். அதுக்கு என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

– அவர்தான் எதையும் எழுத மாட்டாரே. ஆபீஸ்ல பேச மாட்டார், போன்ல பேச மாட்டார். அமைச்சருங்க வீட்டுக்குச் சாப்பிட வருவார். தட்டு முன்னாடி உக்காந்து பேசற வரைக்கும் எல்லாம் ஊர்க்கதை. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவற இடத்துக்கு வந்து, குழாயைத் திறந்து விட்டுட்டு சொல்வாரு பாருங்க, அதுதான் உத்தரவு.

– தண்ணி சத்தத்துல வேற யாருக்கும் கேக்காது.

– துண்டு நீட்டறவளுக்குக் கேக்கும். பதினெட்டு வருஷம் நீட்டியிருக்கேன். யாருக்குப் பதவி, யாருக்குக் கல்தா, எல்லாம் அந்தக் குழாயடியிலதான். நான் ஒரு மனுஷியா நிக்கறேன்கறதே அவர் கண்ணுக்குத் தெரியாது. துண்டு மாட்டற ஆணின்னு நினைச்சார் போல.

– அதுக்குத்தான் வந்தேன். உன்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்.

– கேளுங்க.

– விசாரணைக் கமிஷன் உன்னைக் கூப்பிடப் போகுது. எப்பன்னு தெரியாது. உடம்பு சரியில்லாதவங்கன்னு உனக்குப் பேர் இருக்கறதால, பகிரங்கமா வெச்சுக்க மாட்டாங்க. தனி அறை, கதவைச் சாத்திட்டு, நீதிபதி மட்டும். வெளிய யாருக்கும் சொல்ல மாட்டாங்க. அப்படிக் கூப்பிட்டா... நீ போகணும்.

– போயி?

– அன்னைக்கு நம்ம வீட்டுக் குழாயடியில நீ கேட்டதைச் சொல்லணும். நானும் அவரும் நீயும். நாலாவது ஆள் கிடையாது. அவர் இல்லன்னுடுவார். நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றான்னுவாங்க. மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான்.

– பைத்தியக்காரியைச் சாட்சிக்குக் கூப்பிடறீங்களா?

– அப்படிச் சொல்லாதே.

– நான் எங்க சொன்னேன்? நீங்க சொன்னது. எனக்கு மனப்பாடமா இருக்கு. ‘என் மனைவி சில காலமாக மன நலம் குன்றியிருக்கிறார். அவர் கூறும் எதையும் பொருட்படுத்த வேண்டாம் என்று ஊடக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.’ நல்ல தமிழு. யாரு எழுதிக் குடுத்தது?

– தலைவரோட ஆளுங்க எழுதினது. நான் படிச்சேன்.

– நல்லாப் படிச்சீங்க. ‘குன்றியிருக்கிறார்’ல லேசாக் குரல் கூட உடைஞ்சுது. அந்த இடத்துல மட்டும் எனக்கு ஒரு ஆறுதல்.

– நடிப்பு இல்ல அது.

– தெரியும். அதனாலதான் ஆறுதல்னேன்.

– ஒரு தடவை, நடந்ததைச் சொல்லிக் காட்டேன். முதல்லேர்ந்து. கமிஷன்ல சொல்ற மாதிரி.

– ஒத்திகையா?

– அதாவது... சரி, ஒத்திகைதான். ஏன்னா, ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கு. சத்தியம் பண்ணிச் சொல்றது. முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு வந்தா, ‘பாத்தீங்களா, இதுக்குத்தான் புத்தி சரியில்லன்னோம்’னு மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் எடுபடாது.

– அப்படியா? மாத்திச் சொல்லவே முடியாதா?

– மத்தவங்கன்னா எப்படியோ. உனக்கு முடியாது. உன்னை அந்த இடத்துல கொண்டு போய் நிறுத்தினது நாங்கதான். ஏன் அப்படிப் பாக்கறே?

– சும்மா பாத்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து எவ்வளவு நாளாச்சு.

– சொல்லேன்.

– சொல்றேன். தேர்தலுக்கு மூணு வாரம் இருக்கு. தலைவர் வந்தார். எப்பவும் போல சமையல் நல்லா இருக்குன்னார், எப்பவும் போல பாதி தட்டுல விட்டுட்டு எழுந்தார். நீங்க அவர் பின்னாலயே போனீங்க, கன்னுக்குட்டி மாதிரி. நான் துண்டோட போனேன். அவர் குழாயைத் திறந்தார். நீங்க சொன்னீங்க, ‘ஐயா, அந்தப் பெரிய டேங்குத் தண்ணியில சாக்கடை கலந்திருக்கு, ரிசல்ட் வந்துடுச்சு, மூடிடலாங்களா’ன்னு. அவர் விரல் விரலாக் கழுவிக்கிட்டே, ‘இப்ப மூடினா ஏன் மூடினேன்னு கேப்பான். மூணு வாரம் ஓடட்டும். குளோரினைக் கொஞ்சம் தூக்கலாப் போடு’ன்னார்.

– அப்படியேதான். ஒரு எழுத்து மாறல.

– நீங்க, ‘சரிங்க ஐயா’ன்னீங்க.

– ...ஆமா.

– அதையும் சொல்லணுமில்ல?

– சொல்லு. அதையும் சொல்லு. நான் என்னை உத்தமன்னு சொல்லச் சொல்லி வரல. எனக்கும் தண்டனை உண்டு, அனுபவிக்கறேன். தெரிஞ்சே ஜனங்களைச் சாகவிட்டவன் நான் ஒருத்தன்தான்னு முடிச்சுட்டு, அவர் அடுத்த தேர்தலுக்கு மாலை போட்டுக்கிட்டுப் போறாரே, அதைத்தான் தாங்க முடியல.

– எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பண்றதுன்னு சொல்வாங்க. ஆனா அம்பு போயி குத்தாம இருந்துச்சா?

– இல்ல. குத்துச்சு.

– அப்ப நான் ஒண்ணு கேட்டேனே அவரை, ஞாபகம் இருக்கா?

– இருக்கு. ‘அந்தத் தண்ணியை உங்க பேரப்புள்ளைக்குக் குடுப்பீங்களா?’ன்னு கேட்டே.

– அவர் சிரிச்சார். ‘உங்க வீட்டு மைக்கம்மா எதுக்கும் பேட்டி குடுத்துடுவாங்க போல’ன்னார். பத்திரிகைக்காரங்க எனக்கு வெச்ச பேரு. நீங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சீங்க. ஆணி திடீர்னு பேசினா சிரிப்பு வரத்தானே செய்யும்.

– எனக்குச் சிரிப்பே வரல அன்னைக்கு. உதட்டை விரிச்சேன், அவ்வளவுதான்.

– மூணாம் நாள் அந்த டேங்குக்குக் கீழ் தெருவுல முதல் சாவு. அப்புறம் என் வாய் எப்படிங்க சும்மா இருக்கும்? அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணுக்குப் போன் போட்டேன். எப்பவும் நான் பேசினா சிரிச்சுக்கிட்டே கேக்கற பொண்ணு, அன்னைக்கு மூச்சு விடாம கேட்டுச்சு. ‘தண்ணி கெட்டுப்போனது என் வீட்டுக்காரருக்குத் தெரியும்’னு ஆரம்பிச்சேன். ‘ஆனா அவரை மூடவிடாம பண்ணினது’ன்னு அடுத்து வரணும். அதுக்குள்ள லைன் போச்சு. திரும்பிப் பாத்தா, நம்ம வீட்டுக் காவலுக்கு இருந்த ஆளு நிக்கறான், வயரு தரையில கிடக்கு. பாவி, அவன் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா...

– அவன் இல்ல.

– என்ன அவன் இல்ல?

– அவன் சத்தம் கேட்டு ஓடி வந்து நின்னான். வயரைப் பிடுங்கினது நான்.

– நீங்களா?

– பின்னால கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். ‘என் வீட்டுக்காரருக்குத் தெரியும்’னு நீ சொன்ன வரைக்கும் சும்மாத்தான் நின்னேன். என் பேர் போனா போகட்டும்னு இருந்துச்சு. அடுத்தது தலைவர் பேரு வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் கை தானாப் போயிடுச்சு. பிடுங்கிட்டு மாடிப்படி ஏறிட்டேன். நீ அவனைத் திட்டறது மேல வரைக்கும் கேட்டுச்சு.

– பத்து மாசமா அந்த ஆளைச் சபிச்சுக்கிட்டிருக்கேன். அவன் குடும்பத்தோட சேர்த்து.

– என்னைச் சபிச்சுக்கோ.

– எனக்கு என்னமோ உங்களைச் சபிக்க வாய் வர மாட்டேங்குது. மத்த எல்லாத்துக்கும் வரும். இப்பப் புரியுதா, என்ன பண்ணினீங்கன்னு? உங்களுக்கு எதிரான பாதியை ஊரு கேட்டுச்சு. உங்களுக்குச் சாதகமான பாதியை நீங்களே அறுத்துட்டீங்க.

– புரியுது. அந்தப் பொண்ணு பதிவு பண்ணினதைத் தினம் டி.வி.ல போடறானே. ‘என் வீட்டுக்காரருக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும்’னு. ஒவ்வொரு தடவையும் அந்த வயரு என் கையில இருக்கற மாதிரியே இருக்கும். தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க.

– உங்களுக்கு வயரு. எனக்கு? அது என் குரலுங்க. என் குரலை வெச்சே என் புருஷனைக் கொலைகாரன்னு காட்டறாங்க. காஜா தைச்சுக்கிட்டே இருப்பேன், தலைக்கு மேல என் குரலே என்னைத் தேடிக்கிட்டு வரும். ‘சேனலை மாத்துடி’ன்னா, அடுத்த சேனல்லயும் நான்தான்.

– அத்தான், நான் குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. போன வாரம் முழுக்க இவ ஒரு வாய் சோறு ஒழுங்கா சாப்பிடல. ‘என் வாய்தாண்டி அவரைக் கெடுத்துச்சு, தவளை தன் வாயால கெடும்னுவாங்க, நான் என் வாயால அவரைக் கெடுத்துட்டேன்’னு ஒரே புலம்பல். நான் எவ்வளவோ சொன்னேன், அவர் செஞ்சதுக்கு அவர் படறார்னு. கேட்டாத்தானே.

– இஸ்திரிப் பெட்டி தீய்க்குது பாரு.

– அது அணைச்சு ரொம்ப நேரம் ஆச்சு. சரி, காபி போடறேன். சர்க்கரை போடலாமா அத்தான், இல்ல அதுவும் கட்சியில தடையா?

– போடும்மா. ரெண்டு ஸ்பூன்.

– அவளைத் தப்பா எடுத்துக்காதீங்க. போன் பேசினதுக்கு அப்புறம் என்னை அடைச்சு வெச்சீங்களே, அந்த ஓய்வு விடுதியிலேர்ந்து என்னைக் கூட்டிட்டு வந்தது அவதான். கேட்டுல நின்னு கத்தினாளாம், ‘எங்க அக்காவை அனுப்பலன்னா இங்கயே மெஷினைப் போட்டு உக்காந்துடுவேன்’னு.

– தெரியும். பாத்தேன்.

– எங்கேர்ந்து பாத்தீங்க?

– ஜன்னல் வழியா.

– அப்ப நிஜமாவே அங்கதான் இருந்தீங்களா? அந்த டாக்டர் என்கிட்ட கேட்டார், ‘உங்களுக்கு ஏதாவது குரல் கேக்குதாம்மா?’ன்னு. ‘கேக்குது டாக்டர், பக்கத்து ரூம்ல என் வீட்டுக்காரர் இருமறார்’னேன். தலையை ஆட்டிக்கிட்டே எழுதிக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி ஊசி ஒண்ணு கூடப் போட்டாங்க.

– நான்தான் இருமினேன். பக்கத்து ரூம்லதான் இருந்தேன்.

– எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. அவ்வளவு பேரு சொல்றாங்களே, ஒருவேளை நமக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு. சுவத்துல காதை வெச்சுக் கேட்டேன். நீங்க இருமும்போதெல்லாம், ‘இது அவர் இருமல் இல்ல, என் புத்தி’ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுதான் எல்லாத்தையும் விடக் கொடுமை. ஊசி கூட வலிக்கல.

– நான் வந்து கதவைத் திறந்திருக்கணும். ஒரு தாழ்ப்பாள்தான். வெளிப்பக்கம்தான் இருந்துச்சு. கையை வெச்சுட்டு எடுத்துட்டேன், ரெண்டு மூணு தடவை. நீ என்னைப் பாத்து என்ன கேப்பியோன்னு பயம்.

– என்ன கேட்டிருப்பேன்? ‘மருந்து சாப்பிட்டீங்களா, நெஞ்சுச் சளி அப்படிக் கட்டியிருக்கே’ன்னு கேட்டிருப்பேன்.

– அழாதே.

– நான் எங்க அழறேன்? நீங்கதான் அழறீங்க. இந்தாங்க, இந்தத் துணியில துடைச்சுக்கோங்க. வேஸ்ட் துணிதான், பரவால்ல.

– காபி. அத்தான் அழறாரா? நல்லது, அழட்டும். அக்கா, அந்தப் பச்சை ஜாக்கெட்டுக்காரி கீழ வந்து நிக்கறா. நாளைக்கு வான்னு சொல்லிடவா?

– வேண்டாம், குடுத்து அனுப்பு. கொக்கி வெச்சாச்சு, அந்தப் பையில இருக்கு. காசு வாங்காதே.

– நீ சொல்லித்தான் தெரியணுமா எனக்கு?

– யாரு அது?

– அந்த டேங்குக்குக் கீழ் தெருக்காரி. அவ மாமியாரும் கைக்குழந்தையும் ஒரே வாரத்துல போயிட்டாங்க. முதல் தடவை துணி கொண்டு வந்தப்ப என்னை உத்துப் பாத்தா. துப்பப் போறான்னு நினைச்சேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எங்களுக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தாம்மா. உங்களைப் பைத்தியம்னு சொன்னாங்க, நாங்க யாரும் நம்பல’ன்னா. இத்தனை பெரிய ஊருல என்னை நம்பினது அந்தத் தெருதான். அவ முகத்தை இப்ப என்னால பாக்க முடியல.

– ஏன் பாக்க முடியல? நீ அவங்களுக்கு என்ன குத்தம் பண்ணினே?

– குடிங்க. ஆறிடப்போகுது.

– இங்க பாரு. நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன், இல்லன்னா அதுவும் தொண்டையிலயே நின்னுடும். அதாவதும் இல்ல, சுத்தி வளைக்கறதும் இல்ல. நீ சொன்னது அத்தனையும் நிஜம். உன் புத்திக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆகல. நான்தான் கோழை. பதவிக்குப் பயந்து, கட்டின பொண்டாட்டியைப் பைத்தியம்னு ஊரறியச் சொன்னேன். இதை நான் கமிஷன்ல சொல்லப் போறேன். அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணைக் கூப்பிட்டு வெச்சும் சொல்லப் போறேன். நீ எனக்காக வந்து சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. என்னை மன்னிக்கக்கூட வேண்டாம்.

– இன்னொரு தடவை சொல்லுங்க.

– எதை?

– புத்திக்கு ஒண்ணும் ஆகலன்னு.

– உன் புத்திக்கு ஒண்ணும் ஆகல. எங்க எல்லாரையும் விட அது தெளிவா இருந்துச்சு. அதனாலதான் பயந்தோம்.

– இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க பத்து மாசமா வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கீழ எந்தக் கார் நின்னாலும் ஊசியைக் குத்தி வெச்சுட்டு எட்டிப் பாப்பேன். இவ திட்டுவா. ஏங்க, ஒரு ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?

– வரணும்னுதான் இருந்தேன். முந்தாநாள் கூட கீழ தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். என்ன முகத்தோட மாடி ஏறறதுன்னு.

– முந்தாநாளா! தெருமுனை வரைக்கும் வந்தீங்களா! ஐயோ, ஏறியிருக்கலாமே. இந்த முகத்தோடவே ஏறியிருக்கலாமே.

– இப்ப வந்துட்டேன்ல? நீ ஏன் இப்படிப் பதறறே? நீ போயி, இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே சொன்னாப் போதும். எந்த நீதிபதியா இருந்தாலும் நம்புவார். உன்னைப் பிடிக்காதவன் கூட ஒண்ணை ஒத்துக்குவான், மைக்கம்மா வாயில கண்டது வரும், பொய் மட்டும் வராதுன்னு.

– அக்கா, போதும். இதுக்கு மேல அவரைப் பேச விடாதே. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாயிடுச்சு. நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?

– நானே சொல்றேன். ஏங்க, அந்த டம்ளரைக் கீழ வைங்க.

– வெச்சுட்டேன். என்ன?

– கமிஷன்ல என்னைக் கூப்பிட்டாங்க. நேத்து காலையில. நீங்க சொன்ன மாதிரியேதான், தனி அறை, கதவைச் சாத்திட்டாங்க, நீதிபதி மட்டும்.

– நேத்தேவா? சரி, நல்லதாப் போச்சு. சொல்லிட்டியா?

– டி.வி.ல அந்த ஒத்தை வரியைக் கேட்டுக் கேட்டு, என் பேச்சாலதான் நீங்க ஜெயிலுக்குப் போறீங்கன்னு நினைச்சேன். அந்தப் பேச்சையே பொய்னு ஆக்கிட்டா உங்களை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். அதிகாரிங்க எழுதிக் குடுத்தது எனக்கு என்ன தெரியும்? என்கிட்ட யாரு சொன்னா?

– என்ன சொன்னே அவர்கிட்ட? ஐயோ, என்ன சொன்னே?

– பொய்யுங்க. நீங்க பத்திரிகையில சொன்ன அதே பொய். எனக்கு அப்ப புத்தி பேதலிச்சிருந்துச்சு, தலைவர் அன்னைக்கு எங்க வீட்டு வாசப்படியை மிதிக்கவே இல்லன்னு, சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேங்க.